ரத்தம் சொல்வதும் ஜாதகம் சொல்வதும்

நுரையீரலில் புற்றுநோய் என்று டாக்டர் சொல்லிவிட்டால், ஆஸ்பத்திரிச் சீட்டையும் ஜாதகத்தையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு அலைகிற குடும்பங்கள் நம் நாட்டில் இன்னும் இருக்கின்றன. எட்டாமிடத்தைப் பார்த்து ஆயுள் சொல்லும் ஜோசியர், நோயாளியின் ரத்தத்தில் வெள்ளணு எத்தனை என்று ஒருநாளும் கேட்பதில்லை. கேட்க ஆரம்பித்தால் அவர் பிழைப்பு என்னாவது?

நிற்க. இந்நோய்க்கு இப்போது ஒரு புதுவகை வைத்தியம் நடந்து வருகிறது. நம் உடலின் காவலர்களான வெள்ளணுக்களுக்கு, அளவுமீறிப் பாயாதிருக்கும்படி ஒரு கடிவாளம் உண்டு. பி.டி.1 என்னும் அக்கடிவாளத்தை 1992-ல் கண்டறிந்தவர்கள் ஜப்பானில் கியோட்டோவைச் சேர்ந்த ஹோஞ்சோவும் அவரது கூட்டத்தாருமாவார்கள். புற்றுநோயானது இக்கடிவாளத்தை இழுத்துப் பிடித்துத் தப்பித்துக்கொள்ளுகிறது. அந்தப் பிடியை விடுவிப்பதே புது மருந்தின் வேலை. 2015-ல் அமெரிக்க சர்க்கார் இதை நுரையீரல் புற்றுக்கு அனுமதித்தது. 2018-ல் ஹோஞ்சோவுக்கும், வேறொரு கடிவாளத்தை ஆராய்ந்த அமெரிக்கர் அல்லிசனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இவர்களில் எவரும் தவமிருந்து வரம் வாங்கவில்லை. எலிகளை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் பாடுபட்டார்கள்.

காவலர்களை அவிழ்த்துவிட்டால் கிருமிகளும் ஒழிய வேண்டியதுதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அவிழ்த்துவிடப்பட்ட வெள்ளணுக்கள் சிலருக்குச் சொந்த நுரையீரலையும் குடலையும் ஈரலையுமே தாக்கிவிடுகின்றன. அதை அடக்க ஸ்டீராய்டு மருந்தை வாரக்கணக்கில் கொடுக்க வேண்டியதாகிறது. அப்போது காவல் படுத்துவிடுகிறது, கிருமி நுழைகிறது. நியூயார்க்கில் தோல் புற்றுநோயாளர் 740 பேரைப் பார்த்து 2016-ல் வெளியிட்ட கணக்கில், ஸ்டீராய்டோ அதுபோன்ற அடக்கு மருந்தோ பெற்றவர்களில் 100-க்கு 13 பேருக்கு மேல் கடுமையான தொற்று கண்டது. பெறாதவர்களில் 100-க்கு 2 பேருக்கே கண்டது. நுரையீரல் நோயாளிகளுக்கோ புகையால் கெட்ட நுரையீரலும், கட்டி அடைத்த மூச்சுக்குழலும் சேர்ந்துகொள்ளுகின்றன. நம் நாட்டில் பலர் நெஞ்சில் உறங்கிக் கிடக்கும் காசக் கிருமியும் இவ்வைத்தியத்தின்போது விழித்துக்கொள்ளலாம். ஸ்டீராய்டு கொடுக்காமலேகூடச் சிலருக்கு விழித்திருக்கிறது.

ஆகவேதான் டாக்டர்கள் ரத்தத்தைப் பார்க்கிறார்கள். லிம்போசைட் என்னும் வெள்ளணு குறைந்திருக்கிறதா, அதிலே சி.டி.4 வகை எவ்வளவு, கிருமியை எதிர்க்கும் புரதம் போதுமா என்று எண்ணிப் பார்க்கிறார்கள். இவ்வெண்களில் ஒன்றாவது தனியே நின்று, இன்னாருக்குத் தொற்று வரும், இன்னாருக்கு வராது என்று தீர்த்துச் சொல்லிவிடாது. டாக்டர்களே அதை ஒப்புக்கொண்டு, மேலும் மேலும் கணக்கெடுத்துத் திருத்துகிறார்கள். ஜோசியம் பொய்த்தபோது எந்த ஜோசியர் பஞ்சாங்கத்தைத் திருத்தினார்?

காய்ச்சல் கண்டவனுக்கு விபூதி பூசி, வேண்டுதல் முடித்து, மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று ஓர் இரவைக் கழிப்பது இந்நோயாளிகளுக்கு உயிராபத்தாகும். ஆயிரம் பேர் கைபட்ட தீர்த்தத்தை அவன் வாயில் ஊற்றுவதும் அப்படியே. பக்தி குற்றமா என்று கோபித்துக்கொள்ளுகிறவர்கள், அத்தீர்த்தத்தை ஒருமுறை பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்துவிட்டுக் கோபித்துக்கொள்ளட்டும்.

சர்க்காரை நாம் கேட்பது இவ்வளவே. லட்சக்கணக்கில் செலவாகும் இவ்வைத்தியம் ஏழைக்கும் எட்ட வேண்டும். மருந்து ஏற்றுமுன் காசப் பரிசோதனையும் ரத்த எண்ணிக்கையும் இலவசமாகச் செய்யப்பட வேண்டும். எந்தக் குறி கண்டால் எந்த வேளையானாலும் உடனே வரவேண்டும் என்பதை, நோயாளி கையில் கொடுக்கும் சீட்டிலேயே தமிழில் எழுதித் தர வேண்டும்.