ஆறவிடும் கலை

கெலவரப்பள்ளி அணையை அடுத்த ஓசூர்த் தொழிற்பேட்டைகளில் 'ஹீட் ட்ரீட்மென்ட்' என்பதற்கு விளக்கம் தேவைப்படாது. பற்சக்கரத்தையும் அச்சுத்தண்டையும் காய்ச்சி, குறித்த வேகத்தில் ஆறவிட்டு, உலோகத்துக்குள் தேங்கிய இறுக்கத்தை நீக்குவது அங்குள்ள பல பட்டறைகளுக்கு அன்றாடப் பிழைப்பு. இதே வேலை கண்ணாடிச் சிற்பத்தில் கலைஞரின் நாட்களையும் செலவையும் துணிச்சலின் எல்லையையும் தீர்மானிக்கிறது என்பதோ, ஊதுகுழாயும் தீயும் அக்கலையின் முன்பாதி மட்டுமே என்பதோ அதிகம் பேசப்படுவதில்லை.

மணலில் உள்ள சிலிக்கா தனித்து உருக ஏறத்தாழ 1,700 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். சோடா சேர்ந்தால் அந்தத் தேவை வெகுவாகக் குறையும், சுண்ணாம்பு சேர்ந்தால் விளையும் கண்ணாடி நீரில் கரையாமல் நிலைக்கும். கைவினை உலையில் 1,100 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் இக்குழம்பு வெல்லப்பாகுபோல் குழாய் நுனியில் சுற்றி எழும். உருவம் கொடுத்து வெளியில் வைத்த மறுகணமே புறத்தோல் விறைத்துவிட, உட்பகுதி இன்னும் சூடாக இருந்து பிறகு சுருங்குவதால், இரண்டுக்கும் இடையே இழுவிசை பிறந்து, அன்றோ ஒரு மாதம் கழித்தோ, யாரும் தொடாத வேளையிலும் பொருள் வெடித்துப் பிளக்கலாம். இதைத் தவிர்க்கவே, சாதாரணச் சோடா-சுண்ணாம்புக் கண்ணாடியை 500 டிகிரிக்குச் சற்று மேலான வெப்பத்தில் நிறுத்திவைத்து, பின் படிப்படியாக இறக்கும் பதமாற்றல் சூளை வேண்டியிருக்கிறது. ஒளியை ஒரே தளத்தில் மட்டும் அதிரவிடும் இரண்டு தகடுகளுக்கு நடுவே ஆறிய துண்டைப் பிடித்துப் பார்த்தால், சரியாக ஆறாத இடங்களில் வானவில் நிறங்கள் திட்டுத்திட்டாகத் தெரியும். பார்வைக்கு அழகான அந்த நிறங்கள் பட்டறைக்காரருக்குக் கெட்ட செய்தி.

ஆறும் காலம் கனத்தின் இருமடிக்கேற்ப ஏறத்தாழ வளர்கிறது என்பதுதான் சிற்பியின் கையைக் கட்டிப்போடும் கணக்கு. கனம் இரு மடங்கானால் காலம் நான்கு மடங்கு. கனம் நான்கு மடங்கானால் காலம் பதினாறு மடங்கு. ஆகவே கிண்ணமும் குவளையும் ஓரிரவில் ஆறிவிட, தலையளவுள்ள திண்மையான வார்ப்புக்கு வாரங்கள் தேவைப்படலாம், அத்தனை நாளும் மின்சாரம் நிற்கக்கூடாது. மின்வெட்டுக் காலத்தில் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றியே ஷிப்டை ஓட்டிய ஓசூர் முதலாளிகளுக்கு இந்தக் கவலையின் பொருளாதாரம் நன்றாகவே புரியும்.

வார்ப்பு முறையில் தமிழர்க்கு அந்நியமானது எதுவும் இல்லை. சுவாமிமலைச் சிற்பிகள் மெழுகில் உருவம் செய்து, களிமண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகக் குழம்பை ஊற்றி, இறுதியில் அச்சை உடைத்து விக்கிரகத்தை எடுக்கிறார்கள். கண்ணாடி வார்ப்பாளர் களிமண்ணுக்குப் பதில் சிலிக்காத் தூள் கலந்த ஜிப்சத்தை அச்சாக்கி, அதன் வாயில் கண்ணாடிக் கட்டிகளை அடுக்கிச் சூளைக்குள்ளேயே உருகி இறங்கவிடுகிறார். உடைத்தபின் அச்சு மிஞ்சாது என்பது இரண்டுக்கும் பொது. கண்ணாடி வார்ப்பை இந்தியச் சிற்பத்தில் வேரூன்றச் செய்த முன்னோடிகளுள் டெல்லியின் ஹேமி பாவா ஒருவர். ஓவியராகத் தொடங்கிக் கண்ணாடிக்கு வந்தவர் அவர்.

வார்ப்பைப் போலவே கண்ணாடியும் நமக்குப் புதிதல்ல. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் கிடைத்த மணிகள், உருகிய கண்ணாடியை நீண்ட குழலாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, மீண்டும் சூடாக்கி முனை மழுக்கியவை. 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அந்த ஊரின் மரபுவழி நுட்பம் திருப்பதிக்கு அருகிலுள்ள பாப்பாநாயுடுபேட்டையில் அண்மைக் காலம் வரை உயிரோடு இருந்தது. உலையருகே அமர்ந்து, கண்ணாடிக் குழலை இடைவிடாமல் கைமாற்றி இழுத்துக்கொண்டே இருப்பது அங்கே ஒரு தனித் தேர்ச்சி. எனினும் அதைச் செய்தவர்களை எவரும் சிற்பி என்று அழைத்ததில்லை, மணிக்கோ கையொப்பம் இல்லை.

கையொப்பம் வந்த கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. 1962-இல் மட்பாண்டக் கலை ஆசிரியர் ஹார்வி லிட்டில்டன், தொழிற்சாலையின் துணையின்றித் தனி ஒருவரே சிறு உலையில் கண்ணாடி செய்ய முடியும் என்று காட்ட டொலிடோ கலைக்கூடத்தில் பயிலரங்கு நடத்தினார். அவர் கலந்த மூலப்பொருள் சரியாக உருகவில்லை. கண்ணாடித் தொழில்துறை ஆய்வாளரான டொமினிக் லபினோ, கண்ணாடியிழை ஆலைக்கெனச் செய்யப்பட்ட கோலிக்குண்டுகளை உலையில் போடச் சொன்ன பிறகே வேலை நடந்தது. தொழிற்சாலையை விட்டு விலகப் புறப்பட்ட இயக்கம் தொழிற்சாலைச் சரக்கைக் கொண்டே நின்றது என்பதை அதன் வரலாற்றாசிரியர்கள் சற்று மெல்லிய குரலில்தான் சொல்கிறார்கள்.

பெயரற்ற கைவினை, கையொப்பமிட்ட கலை என்ற இந்த இரு மரபுகளும் சந்திக்கும் இடம் ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. டெல்லியின் தேசிய ஃபேஷன் தொழில்நுட்பக் கழகத்திலும், பின்னர் அமெரிக்காவில் ஆல்ஃப்ரட் பல்கலைக்கழகத்திலும் ரோட் ஐலண்ட் வடிவமைப்புப் பள்ளியிலும் பயின்ற அஞ்சலி சீனிவாசன், பெங்களூரில் 'சோச்சோமா' என்ற பட்டறையை நிறுவினார். 2016-இல் ஸ்வரோவ்ஸ்கி நிறுவனத்தின் எதிர்கால வடிவமைப்பாளர் விருதைப் பெற்ற மூன்று தரப்பினருள் அவரும் ஒருவர். அதற்காக அவர் செய்த 'உண்டா', விரல் பட்ட இடத்தில் ஒளி எழும் கண்ணாடிப் படைப்பு. காட்சிக்கூடங்களில் 'தொடாதீர்கள்' என்ற அட்டைக்குப் பின்னால் நிற்கும் பொருளைத் தொட்டால் மட்டுமே முழுமையடையும் ஒன்றாக மாற்றியது, நொறுங்கும் பொருளைப் பற்றிய நம் அச்சத்தையே கருப்பொருளாக்கிய செயல் என்று மதிப்பிடலாம்.

ஆயினும் அந்த ஒளியைத் தனியொருவரின் மேதைமையாகப் படிப்பது கண்ணாடியின் இயல்புக்கே மாறானது. லிட்டில்டனின் மாணவரான டேல் சிஹுலி 1976-இல் கார் விபத்தில் இடக்கண் பார்வையையும், 1979-இல் தோள் காயத்தால் ஊதுகுழாயைத் தாங்கும் வலுவையும் இழந்தபின், வரைந்து காட்டியும் குரல் கொடுத்தும் குழுவை இயக்கியே தம் பெயர்பெற்ற படைப்புகளை உருவாக்கினார். இதை ஏமாற்று என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. கோபுரம் கட்டிய பெருந்தச்சன் ஒவ்வொரு கல்லையும் தானே கொத்தினானா என்று அவர்களிடம் கேட்கத் தோன்றும். குறை, குழு வைத்துக்கொண்டதில் இல்லை, குழுவின் பெயர் எங்கே என்பதில் இருக்கிறது. பிரெஞ்சுக் கலைஞர் ஜான்-மிஷேல் ஒத்தோனியேல் 2021-இல் பாரிஸின் பெத்தி பாலே அருங்காட்சியகப் படிக்கட்டில் நீல ஆறாக இறக்கிவிட்ட கண்ணாடிச் செங்கற்கள், உத்தரப் பிரதேசத்தின் வளையல் நகரமான ஃபிரோசாபாத்தில் கையால் செய்யப்பட்டவை. ஊரின் பெயரை அவர் மறைக்கவில்லை, பார்வையாளர்களும் அதை அறிந்தே சென்றார்கள். உலை வாசலில் நின்று அச்செங்கற்களைச் செய்தவர்கள் 'ஃபிரோசாபாத் கைவினைஞர்கள்' என்ற பொதுப்பெயரோடு நிற்கிறார்கள்.