நோயியல் ஆய்வுகூடத்துக்கு முன்னுரிமை வேண்டும்

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் புற்றுநோய்ப் பிரிவு இயங்குவது இப்பிராந்தியத்துக்குப் பெரும் ஆறுதல். முன்பெல்லாம் படுவான்கரையிலிருந்து ஒரு நோயாளி 300 கிலோமீற்றருக்கும் அப்பால் மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போகவேண்டியிருந்தது. ஆனால் சிகிச்சைக்கு முன்னே நிற்கும் நோயியல் ஆய்வுகூடத்தைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

நுரையீரல் புற்றுநோயில் இழையத்துண்டுச் சோதனையின் முடிவே வழிகாட்டி. ஈஜிஎஃப்ஆர் எனும் மரபணுவில் ஏற்படும் மாற்றத்துக்கும் சில மாத்திரைகளின் பலனுக்கும் உள்ள தொடர்பு 2004இல் வெளிப்பட்டது. புகைக்காத ஆசியப் பெண்களிடம் இம்மாற்றம் கூடுதலாகக் காணப்படுகிறது. நீடித்த இருமலைக் காசநோய் என்றே எண்ணி மாதங்களைக் கடத்துவது ஆபத்து. சளிச் சோதனையில் காசநோய் இல்லையென்றால் அடுத்த பரிசோதனைக்குத் தாமதிக்கலாகாது.

ஈரலின் கதை வேறு. ஈரல் சுருங்கியவர்களில் பெரும்பாலும் ஸ்கானே புற்றுநோயை உறுதிசெய்துவிடும்; ஸ்கான் தெளிவு தராதபோதுதான் இழையச் சோதனை. ஈரல் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடிய ஹெப்பற்றைற்றிஸ் பி தொற்றுக்கெதிரான தடுப்பூசி 2003இல் நமது தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. நம் நாட்டில் இன்று கூடுதலாகக் கவலைதருவது நீரிழிவும் கொழுப்பு ஈரலும், அவற்றோடு மதுவும். ஈரல் சுருங்கியவர்கள் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் செய்தால், வெட்டியகற்றக்கூடிய நிலையிலேயே கட்டி அகப்படலாம்.

எனவே நோயியல் நிபுணர்கள், ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர்கள், மரபணுச் சோதனை வசதி ஆகியவற்றுக்குச் சுகாதார அமைச்சு கிழக்கில் முன்னுரிமை தரவேண்டும். கிழக்குப் பல்கலைக்கழக மருத்துவ ஆசிரியர்களும் போதனா வைத்தியசாலையும் இணைந்து இப்பகுதி நோயாளரின் தரவுகளை ஆராயத் தொடங்கவேண்டும்.