மேடை நமது, மின்சாரமும் நமதாகட்டும்

நாடகம் மக்களின் ஆயுதம் என்று கருத்தரங்குகளில் அடிக்கடி சொல்கிறோம். அந்த ஆயுதத்தின் கைப்பிடி யாருடைய கையில் இருக்கிறது என்று கேட்பதில்லை. ஊர் ஊராகச் செல்லும் கலைக்குழுவுக்கு நடிகர் உண்டு, பாட்டு உண்டு, சொல்லவேண்டிய செய்தியும் உண்டு. ஆனால் ஒலிபெருக்கி வாடகைக்கு வருகிறது. மின்சாரம் தோட்டத்து அலுவலகத்திலிருந்தோ கடை முதலாளியின் வீட்டிலிருந்தோ இழுக்கப்படுகிறது. ‘இந்தக் காட்சி வேண்டாமே’ என்று ஒருவர் மெல்லச் சொன்னால் குழு என்ன செய்யும்? ஆளியை அமர்த்துகிற கை எதுவோ, நாடகத்தின் முடிவை எழுதுகிற கையும் அதுவே.

வீடும் காணியும் இழந்து தற்காலிகக் கூடாரங்களில் வாழும் குடும்பங்களுக்கு இது சிறிய விடயமல்ல. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன் வீடுகளைப் புதைத்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டைச் சிதைத்தபோது பல இடங்களில் பாதையும் மின்சாரமும் தொலைபேசியும் ஒன்றாகவே அற்றுப்போயின. இழந்தவர்களைப் பற்றிப் பேசப் பலர் வருகிறார்கள். இழந்தவர்களே பேச ஒரு மேடை வேண்டும். அந்த மேடை எவரிடமும் கையேந்தாமல் இயங்கவேண்டும்.

இது நமக்குப் புதிய சிந்தனையல்ல. மாசி மாதத்துக் காமன் கூத்தை எண்ணிப் பாருங்கள். பொட்டலே அரங்கு, லயன் வாசலும் அரங்கு. பனியில் தளர்ந்த தப்பைத் தீயில் காய்ச்சி முறுக்கேற்றுகிறோமே, அதுதான் நமது முதல் ‘சவுண்ட் செற்’. அதற்கு எவருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாள் தோட்டத் தொழிலாளர் கூட்டங்களில் பாடியே மக்களைத் திரட்டினார். தெற்கில் காமினி ஹத்தொட்டுவேகம 1974இல் தொடங்கிய வீதி நாடகக் குழு பெரும் அரங்குகளை விட்டுச் சனம் கூடும் தெருவுக்கே வந்தது.

1990இல் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றரிக்கும் தடை. அங்குள்ளவர்கள் சைக்கிளைக் கவிழ்த்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். இடம்பெயர்ந்து அலைந்தவர்கள் கண்ட தொழில்நுட்பம் அது. இல்லாமை அவர்களுக்குக் கற்பித்த பாடத்தை நாம் திட்டமிட்டே கற்றுக்கொள்ளலாம்.

அப்படியானால் ஒரு குழுவுக்கு என்ன தேவை? தலவாக்கலையிலிருந்து லிந்துலை, அக்கரப்பத்தனை வழியாக டயகமவுக்கு ஏறும் ஒரு குழுவை நினைத்துக்கொள்வோம். வாகனம் நிற்கும் இடத்திலிருந்து மேற்பிரிவு லயத்துக்குப் பொருட்களைத் தோளில்தான் சுமக்கவேண்டும். ஆகவே முதல் விதி: நான்கு பேர் ஒரே நடையில் சுமக்க முடியாத கருவி நமக்கு உதவாது.

கணக்கைப் பார்ப்போம். இரண்டு சிறிய ஒலிபெருக்கிகள் 80 வாற்று, ஒலிக்கலவைப் பெட்டி 20, நான்கு எல்.ஈ.டி. விளக்குகள் 80, சிறிய வீடியோ புறொஜெக்டர் 60. மொத்தம் 240 வாற்று. 12 வோல்ற், 100 அம்பியர்-மணி பற்றரி ஒன்றில் 1,200 வாற்று-மணி சக்தி உண்டு. ஈய-அமில பற்றரியைப் பாதிக்குமேல் வடியவிட்டால் அதன் ஆயுள் குறையும். எனவே 600தான் நமது கைப்பணம். இன்வேட்டரில் இழப்பதைக் கழித்தால் ஏறக்குறைய 500. இரண்டு மணிநேர நாடகத்துக்கு அது போதும். லிதியம் பற்றரி அதே சக்தியைப் பாதி எடைக்கும் குறைவாகத் தரும். விலை கூட, ஆனால் சுமப்பவரின் தோளையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

‘சூரிய ஒளி இருக்கிறதே’ என்பார்கள். 100 வாற்றுத் தகடு நல்ல வெயில் நாளில் சுமார் 400 வாற்று-மணி தரலாம். தென்மேற்குப் பருவ மழையிலும் மூடுபனியிலும் டயகமவில் அதை நம்பி மேடை போட முடியாது. புறப்படும் முன் வீட்டு மின்சாரத்தில் பற்றரியை நிரப்புங்கள். தகடு துணைக்கு மட்டும். ஜெனரேற்றர் வைத்திருந்தவர்கள் 2022ஐ மறக்கமாட்டார்கள். நாளொன்றுக்குப் 13 மணிநேரம் வரை மின்வெட்டு. ஜெனரேற்றருக்கு ஊற்ற எண்ணெயும் இல்லை. போதாக்குறைக்கு அதன் இரைச்சல் நடிகரின் குரலையே விழுங்கிவிடும்.

ஒலியிலும் சில நுட்பங்கள் உண்டு. திறந்த வெளியில் தூரம் இருமடங்கானால் சத்தம் 6 டெசிபல் குறையும். அதற்காகச் சத்தத்தைக் கூட்டுவதைவிட, ஒலிபெருக்கியை ஆள் உயரத்துக்கு மேலே தூக்கி வைப்பதே பயன் தரும். முன்வரிசையில் இருப்பவர்களின் உடல் ஒலியை உறிஞ்சாது. மைக் எப்போதும் ஒலிபெருக்கிக்குப் பின்னால் இருக்கவேண்டும். முன்னால் வந்தால் கூவும். தப்புக்கு மைக் வேண்டாம். அதற்கு இயல்பாகவே உள்ள வலிமை போதும். மைக் வேண்டியது மெல்லிய குரலில் பேசும் வயதான தாய்க்கும் பள்ளிச் சிறுமிக்கும்.

படம் காட்ட இருட்டும் ஒரு வெள்ளைச் சேலையும் போதும். மூடுபனி இறங்கினால் ஒளிக்கற்றை திரையை அடையுமுன் சிதறும்; அந்நேரம் திரையைச் சுருட்டிவிட்டுக் கூத்தைத் தொடருங்கள். இருமிய குளிரிலிருந்து சூடான அறைக்குள் வந்தவுடன் கருவிகளை இயக்கவேண்டாம். வில்லையில் நீர் படியும், நாளடைவில் பூஞ்சணம் பிடிக்கும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொதிகளுடன் இறுக்கமான பெட்டியில் வையுங்கள். இடிமுழக்கம் கேட்டால் நிகழ்ச்சியை நிறுத்துவது கோழைத்தனமல்ல.

வீடியோப் பதிவைப் பற்றி ஓர் எச்சரிக்கை. முகாமில் அழும் முகம் நமது விளம்பரப் பொருளல்ல. படம்பிடிக்குமுன் கேளுங்கள். பிடித்ததை அவர்களுக்கே முதலில் போட்டுக் காட்டுங்கள். ‘இதை அழித்துவிடு’ என்று ஒருவர் சொன்னால் அழித்துவிடுங்கள்.

கருவி வாங்க நிறுவனங்கள் பணம் தரலாம். ஆனால் நிறுவனத்தின் அலுமாரிக்குள் பூட்டிவைக்கப்படும் கருவி மக்களுடையதல்ல. அதன் சாவி குழுவிடம் இருக்கட்டும். ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் சிறு தொகையை ஒதுக்கினால் பற்றரி பழுதாகும் நாளில் புதியது வாங்கப் பணம் இருக்கும். வயர் பொருத்தவும் பற்றவைக்கவும் குறைந்தது இரு இளம்பெண்கள், இரு இளைஞர்கள் கற்றிருக்கட்டும். பழுது பார்க்கத் தெரியாத சொந்தக் கருவி, இரவல் கருவியைவிடப் பெரிய அடிமைத்தனம்.

மழை கொட்டும் இரவில் மண் சரியும் அறிகுறி தெரிந்தால், இதே பற்றரியும் ஒலிபெருக்கியும் லயத்தை எழுப்பும். மற்ற நாட்களில் அவை நமது நியாயத்தைப் பேசட்டும். வீடு தருவார்கள், காணி தருவார்கள் என்று காத்திருக்கிறோம், கேட்டுக்கொண்டும் இருக்கிறோம். நமது குரலையும் எவராவது தருவார்கள் என்று காத்திருக்கவேண்டாம்.