கையில் துப்பாக்கி இருந்தால் போதுமா?

அசாம் மாநில அமைச்சரவை 2025 மே 28-ஆம் தேதி ஒரு முடிவை எடுத்தது. துப்ரி, மோரிகாவ்ன், பார்பேட்டா, நகாவ்ன் உள்ளிட்ட மாவட்டங்களில், பாதுகாப்புக் குறைவான பகுதிகளில் வசிக்கும் பூர்வகுடி மக்களுக்குத் துப்பாக்கி உரிமம் வழங்கத் தனித் திட்டம் கொண்டுவருவது என்பதே அந்த முடிவு. அச்சத்துடன் வாழும் மக்களுக்குத் துணிவூட்டும் நடவடிக்கை இது என்று மாநில அரசு விளக்கம் அளித்தது. காவலைப் பலப்படுத்த வேண்டிய அரசு, ஆயுதத்தைக் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக் கொள்வதா என்று எதிர்க்கட்சிகள் கேட்டன.

இந்தக் கேள்வி அசாமுடன் நின்றுவிடுவதில்லை. தற்காப்புக்காக ஒரு கைத்துப்பாக்கி வாங்கலாமா, முதன்முதலாக வாங்குவதென்றால் எதை வாங்குவது என்ற பேச்சு வட மாநிலங்களில் வணிகர்கள், ஒப்பந்ததாரர்கள், நில உடைமையாளர்கள் ஆகியோரின் வீடுகளில் புதிதன்று. உள்துறை அமைச்சகத்தின் கணக்குப்படி 2016 டிசம்பர் இறுதியில் நாட்டில் நடைமுறையில் இருந்த துப்பாக்கி உரிமங்கள் ஏறத்தாழ 33 லட்சத்து 69 ஆயிரம். இதில் உத்தரப் பிரதேசத்தின் பங்கு மட்டும் 12 லட்சத்து 77 ஆயிரம். தமிழகத்தின் பங்கு 22 ஆயிரத்து 500-ஐச் சற்றே தாண்டியது. உத்தரப் பிரதேச மக்கள் தமிழக மக்களைவிடப் பாதுகாப்பாக வாழ்கிறார்கள் என்று எவரும் இதைக் கொண்டு வாதிட முன்வர மாட்டார்கள்.

சட்டம் கேட்கும் காரணம்: அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்பது அரசமைப்புச் சட்டம் அளிக்கும் உரிமை. தற்காப்புக்காக அதைப் பொது இடங்களுக்கு எடுத்துச் செல்வதும் அந்த உரிமையில் அடங்கும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2022 ஜூன் மாதம் தீர்ப்பளித்தது. இந்தியாவில் நிலைமை நேர்மாறானது. துப்பாக்கி வைத்திருப்பது இங்கு அடிப்படை உரிமை அல்ல என்பதை, உத்தரப் பிரதேசத்தில் உரிமமற்ற ஆயுதங்களின் பெருக்கம் குறித்துத் தாமாக முன்வந்து விசாரித்த உச்ச நீதிமன்றம் 2023 பிப்ரவரியில் சுட்டிக் காட்டியது.

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் கோருபவர் 21 வயது நிறைந்தவராக இருக்க வேண்டும். கைத்துப்பாக்கி தேவைப்படுவதற்கு நியாயமான காரணம் இருப்பதாக உரிமம் வழங்கும் அதிகாரி கருத வேண்டும். தொழிலின் தன்மையால் உயிருக்கோ உடைமைக்கோ உண்மையான பாதுகாப்புத் தேவை உள்ளவர், துப்பாக்கி சுடும் விளையாட்டு வீரர், படைகளிலும் காவல் துறையிலும் பணியாற்றியவர் ஆகியோரை 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள் குறிப்பிடுகின்றன. காவல் துறை அறிக்கை, மருத்துவச் சான்று, ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்று ஆகியவையும் வேண்டும்.

உரிமம் பெற்றவர் கைத்துப்பாக்கியைப் பொது இடத்தில் எடுத்துச் செல்லும்போது அது உறையிலோ பையிலோ முழுமையாக மூடப்பட்டிருக்க வேண்டும் என்பதும் விதி. திருமண ஊர்வலங்களில் இடுப்புத் துப்பாக்கி வெளியே தெரிய வலம் வருவது வட இந்தியக் கிராமங்களில் பெருமை. சட்டத்தின் பார்வையில் அது விதிமீறல். இன்னொரு பிரிவும் கவனிக்கத்தக்கது. போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக எவருக்கும் உரிமம் மறுக்கக் கூடாது என்று ஆயுதச் சட்டம் கூறுகிறது. ஏழைக்கும் உயிர் உண்டு என்பதை ஏற்றுக் கொண்ட பிரிவு அது.

கடையில் கிடைப்பவை: உரிமம் கிடைத்துவிட்டால் எந்தத் துப்பாக்கியையும் வாங்கிவிடலாம் என்பதில்லை. படையினரும் காவல் துறையினரும் பயன்படுத்தும் 9 எம்.எம். பிஸ்டல் போன்றவை தடை செய்யப்பட்ட ரகத்தைச் சேர்ந்தவை. அவற்றுக்கான உரிமத்தை உள்துறை அமைச்சகம்தான் வழங்க முடியும். வெளிநாட்டுத் துப்பாக்கிகளைத் தனியார் இறக்குமதி செய்வதும் 1980-களின் நடுப்பகுதியிலிருந்து கட்டுப்படுத்தப்பட்டுவிட்டது. எனவே சாதாரணக் குடிமகனின் முதல் கைத்துப்பாக்கி பெரும்பாலும் .32 ரக ரிவால்வர் அல்லது பிஸ்டல். அதைவிடச் சிறியது வேண்டுமானால்.22.

இவற்றுள் எது மேல் என்ற விவாதம் துப்பாக்கிக் கடைகளில் ஓய்வதில்லை. ரிவால்வரின் இயக்கம் எளிது. ஒரு தோட்டா வெடிக்கவில்லை என்றால் விசையை மறுபடி இழுத்தால் அடுத்த தோட்டா முன்வரும். பிஸ்டல் தட்டையானது, ஆடைக்குள் மறைப்பது எளிது, கூடுதல் தோட்டாக்களைக் கொள்ளும். ஆனால் தோட்டாக் கூட்டைக் கழற்றிய பிறகும் குழலின் அறையில் ஒரு தோட்டா தங்கியிருக்கலாம் என்பதை மறந்தவர்களால் நேர்ந்த விபத்துகள் பல. எடை குறைந்தால் சுமப்பது எளிது. சுடும்போது கையைப் பின்னுக்குத் தள்ளும் விசை கூடும். பழக்கமில்லாத கைக்குச் சிறிய துப்பாக்கியே பெரிய சோதனை.

கான்பூரில் உள்ள அரசு நிறுவனமான ஏ.டபிள்யூ.இ.ஐ.எல். 2023 ஆகஸ்டில் 'பிரபல்' என்ற .32 ரிவால்வரை அறிமுகப்படுத்தியபோது, 50 மீட்டர் தொலைவு சுடும் திறனே அதன் சிறப்பாக விளம்பரப்படுத்தப்பட்டது. தற்காப்புக்குத் துப்பாக்கி தேவைப்படும் சூழல் பெரும்பாலும் சில அடி தூரத்தில், சில விநாடிகளில் நிகழ்கிறது. 50 மீட்டர் தொலைவில் நிற்பவரைச் சுட்டுவிட்டுத் தற்காப்பு என்று நீதிமன்றத்தில் நிறுவுவது எளிதன்று. பாரதிய நியாய சம்ஹிதை தற்காப்பு உரிமையை அங்கீகரிக்கிறது. ஆனால் தேவைக்கு மேற்பட்ட தீங்கு விளைவிக்கவோ, காவல் துறையின் உதவியை நாட அவகாசம் இருக்கும்போது தாமே ஆயுதம் எடுக்கவோ அது அனுமதிப்பதில்லை.

பெண்களின் பெயரால் ஒரு ரிவால்வர்: அரசே பாதுகாப்பை விற்பனைப் பொருளாக்கியதற்குச் சான்று 'நிர்பீக்'. 2012 டிசம்பர் 16 அன்று தில்லியில் ஓடும் பேருந்தில் மாணவி ஒருவருக்கு நேர்ந்த கொடுமை நாட்டையே உலுக்கியது. அதைத் தொடர்ந்து அமைக்கப்பட்ட நீதிபதி ஜே.எஸ். வர்மா குழு 2013 ஜனவரி 23-இல் அளித்த அறிக்கை, காவல் துறைச் சீர்திருத்தம், பாதுகாப்பான பொதுப் போக்குவரத்து, தெரு விளக்கு ஆகியவற்றை வலியுறுத்தியது. ஓராண்டு கழித்து, 2014 ஜனவரியில், கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை பெண்களுக்கென்று 500 கிராம் எடையில் .32 ரிவால்வர் ஒன்றை, நகைப்பெட்டி போன்ற பெட்டியில் வைத்து விற்பனைக்குக் கொண்டு வந்தது. விலை 1 லட்சத்து 22 ஆயிரத்து 360 ரூபாய்.

அந்த நிதியாண்டில் நாட்டின் தனிநபர் சராசரி ஆண்டு வருமானம் 80 ஆயிரம் ரூபாயைக்கூட எட்டவில்லை. சொத்து இல்லை என்று உரிமத்தை மறுக்கக் கூடாது என்கிறது சட்டம். அந்த வேலையை விலைச் சீட்டு செய்து முடித்தது. இரவுப் பணி முடிந்து பேருந்துக்குக் காத்திருக்கும் செவிலியரோ ஆலைத் தொழிலாளியோ அதை வாங்க முடியாது. வாங்க வசதி உள்ளவர்களுக்குக் காரும் ஓட்டுநரும் இருப்பார்கள். மேலும், பாலியல் வன்கொடுமை வழக்குகளில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு ஏற்கெனவே அறிமுகமானவர் என்பதை தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் காட்டி வந்துள்ளன. கைப்பையில் உள்ள ரிவால்வர், உறவினரும் அண்டை வீட்டாரும் தரும் ஆபத்துக்கு விடையாகாது. பெண்களின் கையில் துப்பாக்கியைக் கொடுப்பது தீர்வல்ல என்று மணிப்பூரில் துப்பாக்கி வன்முறைக்கு எதிராகப் போராடி வரும் பினாலட்சுமி நெப்ராம் போன்றோர் அப்போதே எதிர்ப்புத் தெரிவித்தனர்.

உரிமத் துப்பாக்கியின் மறுபக்கம்: நாட்டில் குற்றங்களுக்குப் பயன்படுபவை பெரும்பாலும் உரிமமற்ற நாட்டுத் துப்பாக்கிகள் என்பது உண்மை. அதனால் உரிமம் பெற்றவை ஆபத்தற்றவை ஆகிவிடா. தில்லியில் 1999 ஏப்ரலில் கேளிக்கை விடுதி ஒன்றில் மது தர மறுத்த ஜெசிகா லால் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் தண்டனை பெற்ற மனு சர்மாவின் பெயரில் .22 பெரெட்டா பிஸ்டலுக்கு உரிமம் இருந்தது விசாரணையில் தெரியவந்தது. அத் துப்பாக்கி கைப்பற்றப்படவே இல்லை. 2016 டிசம்பரில் பஞ்சாபின் பட்டிண்டா மாவட்டத்தில் திருமண விழா மேடையில் நடனமாடிய இளம்பெண், கூட்டத்திலிருந்து பாய்ந்த குண்டுக்குப் பலியானார். 2024 அக்டோபர் 1 அன்று மும்பையில் நடிகர் கோவிந்தா, உரிமம் பெற்ற தமது ரிவால்வர் தவறுதலாக வெடித்ததில் காலில் காயமடைந்தார்.

உரிமம் வழங்கும் முறையின் நேர்மையும் ஐயத்துக்கு அப்பாற்பட்டதல்ல. ஜம்மு-காஷ்மீரில் 2012 முதல் 2016 வரை 2.78 லட்சத்துக்கும் அதிகமான உரிமங்கள் தகுதியற்றவர்களுக்கு வழங்கப்பட்டன என்பது சிபிஐயின் குற்றச்சாட்டு. விசாரணை வளையத்தில் மாவட்ட ஆட்சியர்களாக இருந்த அதிகாரிகளும் வந்தனர். காரணத்தை ஆராய வேண்டிய மேஜையிலேயே காரணம் விலைக்குப் போயிருந்தால், சட்டப் புத்தகத்தில் எத்தனை நிபந்தனைகள் இருந்தும் பயனில்லை.

நாடாளுமன்றம் எண்ணிக் கேட்டது: 2019-இல் ஆயுதச் சட்டத் திருத்த மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தபோது, ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம் என்ற வரம்பை ஒன்றாகக் குறைக்க அரசு முன்மொழிந்திருந்தது. அன்றைய பஞ்சாப் முதல்வர் அமரீந்தர் சிங் உள்ளிட்டோர் எதிர்ப்புத் தெரிவித்தனர். வயலில் தனித்து வாழும் விவசாயிக்குத் துப்பாக்கி தேவை, அது குடும்ப மரபு என்ற வாதங்கள் எழுந்தன. முடிவில் வரம்பு இரண்டு என்றானது. டிசம்பர் 9-இல் மக்களவையும் மறுநாள் மாநிலங்களவையும் மசோதாவை நிறைவேற்றின. கொண்டாட்டத்துக்காகச் சுட்டுப் பிறர் உயிருக்கு ஆபத்து விளைவித்தால் இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்ற புதிய பிரிவு வரவேற்கத்தக்கது.

ஆனால் அதே சட்டம் உரிமத்தின் காலத்தை மூன்று ஆண்டுகளிலிருந்து ஐந்து ஆண்டுகளாக உயர்த்தியது. உரிமம் பெற்றவருக்கு அச்சுறுத்தல் நீடிக்கிறதா, அவரது மனநிலையும் நடத்தையும் எப்படி உள்ளன என்று அரசு திரும்பிப் பார்க்கும் வாய்ப்பு இதனால் தள்ளிப்போனது. ஒருவரிடம் எத்தனை துப்பாக்கி இருக்கலாம் என்று இரு அவைகளும் எண்ணின. முதல் துப்பாக்கி ஏன் என்ற கேள்வி பின்னுக்குப் போயிற்று. சுங்கத் துறை பறிமுதல் செய்த வெளிநாட்டுத் துப்பாக்கிகளை வாங்கத் தகுதி பெற்றோர் பட்டியலில் நாடாளுமன்ற உறுப்பினர்களும் இடம்பெற்றிருந்தனர் என்ற வரலாறு இந்த மௌனத்துக்குப் பொருள் சேர்க்கிறது.

துப்பாக்கி உரிமையை ஆதரிப்போரின் வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. இந்தியர்களின் கையிலிருந்து ஆயுதத்தைப் பறித்தது 1878-ஆம் ஆண்டின் காலனியச் சட்டம். 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானம் விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையை அறிவித்தது. 1948 டிசம்பரில் எச்.வி. காமத் அந்த உரிமையை அரசமைப்பில் சேர்க்க அரசியல் நிர்ணய சபையில் திருத்தம் கொண்டு வந்தார். அம்பேத்கர் அதை ஏற்கவில்லை, சபையும் நிராகரித்தது. அன்னிய ஆட்சியின் கீழ் நியாயமாக இருந்த கோரிக்கை, மக்கள் தாமே அமைத்த அரசில் வேறு பொருள் பெறுகிறது. குடிமக்கள் ஆயுதத்தை அரசிடம் விட்டுக் கொடுத்ததற்குக் கைம்மாறாகப் பாதுகாப்பைப் பெற வேண்டும். அரசு அதைத் தராதபோதுதான் இடுப்பில் துப்பாக்கி ஏறுகிறது.

ஒவ்வொரு தேர்தலின்போதும் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்குமாறு மாவட்ட நிர்வாகங்கள் உத்தரவிடுவது வழக்கம். அமைதி முக்கியம் என்று அரசு கருதும் வேளையில், ஆயுதங்கள் குறைவாக இருப்பதே நல்லது என்பதை அரசே ஒப்புக் கொள்கிறது. அசாமின் எல்லைக் கிராமங்களுக்கு மட்டும் அந்த அனுபவம் பொருந்தாமல் போய்விடுமா?

செய்ய வேண்டியவை தெளிவானவை. கைத்துப்பாக்கி உரிமம் வழங்கும் ஒவ்வோர் அதிகாரியும் விண்ணப்பதாரருக்குள்ள அச்சுறுத்தலை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். பயிற்சிச் சான்று வெறும் தாளாக இல்லாமல், சுடுதளத்தில் உண்மையாகவே கற்றதற்கு அத்தாட்சியாக இருக்க வேண்டும். ஐந்தாண்டு உரிமத்துக்கு இடையில் ஒருமுறையேனும் மறு ஆய்வு வேண்டும். மாநில வாரியாக எத்தனை உரிமங்கள், என்ன காரணத்துக்காக வழங்கப்பட்டன, அவற்றில் எத்தனை குற்றத்திலும் விபத்திலும் முடிந்தன என்ற விவரத்தை உள்துறை அமைச்சகம் ஆண்டுதோறும் இரு அவைகளிலும் தாக்கல் செய்ய வேண்டும். அச்சுறுத்தல் உண்மை என்று ஏற்று உரிமம் வழங்கப்பட்ட ஒவ்வொரு பகுதிக்கும், அதே கோப்பின் அடிப்படையில் கூடுதல் காவலர்களும் ரோந்தும் அனுப்பப்பட வேண்டும். ஆபத்து இருக்கிறது என்று உரிமத்தில் கையெழுத்திடும் அரசு, அந்த ஆபத்தை அகற்றும் பொறுப்பையும் அதே கையெழுத்தால் ஏற்க வேண்டும்.