யார் வயிற்றைக் கட்டுவது?

கஜானா காலி என்று சர்க்கார் கையை விரிக்கும்போதெல்லாம் ஏழையின் சோற்றுத் தட்டில்தான் முதலில் கை வைக்கப்படுகிறது. சிக்கனம் என்ற சொல்லுக்கு ஆளும் வர்க்கம் கொடுத்துள்ள அர்த்தம் அதுதான். மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள நைஜீரியாவின் உழைப்பாளி மக்கள் 2012 ஜனவரியில் அந்த அர்த்தத்தை மறுத்து நாடு முழுவதையும் நிறுத்திக் காட்டினார்கள். அந்த வேலைநிறுத்தத்தையும், அது நின்ற பிறகு நடந்தவற்றையும் நமது ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் அவசியம் அறிய வேண்டும்.

நைஜீரியா எண்ணெய் வளம் கொழிக்கும் நாடு. ஆனால் சர்க்காருக்குச் சொந்தமான சுத்திகரிப்பு ஆலைகள் பல ஆண்டுகளாகப் பழுதுபட்டுக் கிடந்தன. கச்சா எண்ணெயை வெளிநாட்டுக்கு விற்று, பெட்ரோலை வெளிநாட்டிலிருந்தே வாங்கினார்கள். சொந்த வயலின் நெல்லை விற்றுவிட்டு, ஊர் அரவை மில் பூட்டிக் கிடப்பதால் அரிசியைக் கூடுதல் விலைக்கு வாங்கித் தின்கிற கதை! மின்சாரமும் சரிவரக் கிடையாது. சிறு தையற்கடைக்காரரும் ஜெனரேட்டர் வைத்தே பிழைக்க வேண்டும். பெட்ரோல் விலை ஏறினால் பஸ் கட்டணம் ஏறும். மரவள்ளி மாவின் விலையும் ஏறும். சர்க்கார் கொடுத்து வந்த பெட்ரோல் மான்யம் ஒன்றுதான் அந்நாட்டு ஏழைக்குத் தன் நாட்டு எண்ணெயிலிருந்து கிடைத்த பங்கு.

2012 புத்தாண்டு தினத்தன்று ஜனாதிபதி ஜொனாதனின் சர்க்கார் அந்த மான்யத்தை ரத்துச் செய்தது. லிட்டர் 65 நைராவாக இருந்த பெட்ரோல் 141 நைராவுக்குத் தாவியது. அப்போது சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 18,000 நைரா, நாளொன்றுக்கு 600. முன்பு ஒரு நாள் கூலியில் ஒன்பது லிட்டர் வாங்க முடிந்தது. விடிந்து பார்த்தால் நாலு லிட்டர்தான்!

ஜனவரி 9-ஆம் தேதி தொழிற்சங்க சம்மேளனங்கள் பொது வேலைநிறுத்தம் துவக்கின. ஆபீசுகள், பாங்குகள், துறைமுகங்கள், விமான நிலையங்கள், கடைவீதிகள் எல்லாம் ஓய்ந்தன. லாகோஸ் நகரின் ஓஜோட்டா மைதானத்தில் நாள்தோறும் ஜனசமுத்திரம். மதக் கலவரத்தால் ரத்தம் சிந்திக்கொண்டிருந்த அந்த நாட்டில், முஸ்லிம்கள் தொழுதபோது கிறிஸ்தவத் தோழர்கள் சுற்றி நின்று காவல் காத்தார்கள். எந்தச் சமாதானக் கமிட்டியும் செய்யாததை விலைவாசி எதிர்ப்பு செய்தது.

மைதானத்தில் கூடிய மக்கள் விலையைப் பற்றி மட்டும் பேசவில்லை. “எங்களை வயிற்றைக் கட்டச் சொல்கிறீர்களே, உங்கள் சமையற்கட்டுக் கணக்கைக் காட்டுங்கள்” என்றும் கேட்டார்கள். அந்த ஆண்டு பட்ஜெட்டில் ஜனாதிபதி, உபஜனாதிபதி மாளிகைகளின் சாப்பாட்டுச் செலவுக்கு மட்டும் ஏறத்தாழ 100 கோடி நைரா கேட்கப்பட்டிருந்தது. ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளரின் ஒரு மாதச் சம்பளம் அது! எதிர்ப்பு கொதிப்பதைக் கண்ட ஜனாதிபதி, வேலைநிறுத்தத்துக்கு இரண்டு நாள் முன்பு, மந்திரிகள் முதலான பதவியாளரின் அடிப்படைச் சம்பளத்தில் 25 சதவீதம் வெட்டப்படும் என்று ரேடியோவிலும் டெலிவிஷனிலும் அறிவித்தார். அடிப்படைச் சம்பளம் என்ற வார்த்தையைக் கவனிக்க வேண்டும். படிகள் மலையாக இருக்க, மடுவில் கால் பங்கை எடுத்துக் கொடுத்தார்கள்.

எண்ணெய்க் கிணறுகளின் தொழிலாளர் உற்பத்தியையே நிறுத்துவோம் என்று எச்சரித்ததும் சர்க்கார் ஆட்டங்கண்டது. 16-ஆம் தேதி விலையை 97 நைராவாகக் குறைத்தது. அதே நாளில் லாகோஸ் வீதிகளில் ராணுவத்தையும் நிறுத்தியது. சம்மேளனங்கள் வேலைநிறுத்தத்தை நிறுத்தி வைத்தன. தொலைவிலிருந்து அவர்களைக் குறைகூறுவது சுலபம். துப்பாக்கிக்கு எதிரில் நின்றவர்கள் அவர்கள். விலை இறங்கியது உண்மையான வெற்றியே. ஆனால் வீண்செலவு பற்றிய கோரிக்கைக்கு ஒரு தேதியோ, எழுத்து மூலமான ஒப்பந்தமோ இன்றி எல்லாரும் வேலைக்குத் திரும்பினார்கள் என்பதும் உண்மை.

போராட்டத்தின் உந்துதலால் பார்லிமெண்ட் விசாரணைக் கமிட்டியின் அறிக்கை ஏப்ரலில் வெளிவந்தது. மான்யம் ஏழைக்குப் போகிறது என்று சொல்லி யார் யார் தின்றார்கள் என்பது அதில் அம்பலமாயிற்று. 2011-க்கு ஒதுக்கப்பட்ட மான்யம் 24,500 கோடி நைரா. கொடுக்கப்பட்டதோ இரண்டரை லட்சம் கோடிக்கு மேல். 2006-இல் விரல்விட்டு எண்ணக்கூடிய இறக்குமதிக் கம்பெனிகள் 2011-க்குள் 140 ஆகப் பெருகியிருந்தன. 2009 ஜனவரியில் 24 மணி நேரத்துக்குள் 99 கோடியே 90 லட்சம் நைரா வீதம் 128 முறை பணம் பட்டுவாடா செய்யப்பட்டதாகவும் கமிட்டி கூறியது. ரேஷன் அட்டையில் ஒரு பெயர் தவறினால் ஏழையை நாலு நாள் அலையவிடும் குமாஸ்தா ராஜ்யங்கள் முதலாளிக்கு என்ன வேகத்தில் வேலை செய்கின்றன பாருங்கள்! ஒரு லட்சம் கோடி நைராவுக்கு மேல் திரும்ப வசூலிக்க வேண்டும் என்றது கமிட்டி. அந்தக் கமிட்டியின் தலைவர் பரூக் லாவானே ஒரு எண்ணெய் வியாபாரியிடம் லஞ்சம் வாங்கிய வழக்கில் 2021-இல் சிறைத் தண்டனை பெற்றார்.

அதே ஏப்ரலில் ஒரோன்சாயே கமிட்டி, 263 சட்டபூர்வ சர்க்கார் ஸ்தாபனங்களை 161 ஆகக் குறைக்கலாம் என்று அறிக்கை கொடுத்தது. மக்களின் மான்யத்தை ஒரே இரவில் வெட்டிய கைகள், இந்த அறிக்கையை நிறைவேற்ற உத்தரவிட 2024 பிப்ரவரி வரை, பன்னிரண்டு ஆண்டுகள் எடுத்துக்கொண்டன. இதிலும் தொழிலாளி கண்ணை மூடிக்கொள்ளலாகாது. ஸ்தாபனங்களை மூடும்போது வெளியே போவது சேர்மனின் மோட்டார் காரா, பியூனின் வேலையா என்று தொழிற்சங்கம் கேட்டாக வேண்டும். அடிமட்ட ஊழியரைத் தெருவில் நிறுத்துவதற்குச் சிக்கனம் என்று பெயர் சூட்டுவது எல்லாத் தேச முதலாளிகளுக்கும் தெரிந்த வித்தை.

2023 மே 29 அன்று பதவியேற்ற டினுபு, அன்றைய உரையிலேயே மான்யம் போய்விட்டது என்று அறிவித்தார். 200 நைராவுக்குள் இருந்த பெட்ரோல் சில நாட்களில் 500-ஐ ஒட்டி ஏறியது. அந்த ஆண்டே துணை பட்ஜெட்டில் ஜனாதிபதிக்கான உல்லாசப் படகுக்கு 500 கோடி நைரா கேட்டார்கள். ஜனங்கள் காறித் துப்பிய பிறகு பிரதிநிதிகள் சபை அந்தத் தொகையை மாணவர் கடன் நிதிக்கு மாற்றியது. 2024 ஜூனில் தொழிற்சங்கங்கள் மீண்டும் வேலைநிறுத்தம் செய்தன. குறைந்தபட்சச் சம்பளம் 30,000-லிருந்து 70,000 நைரா ஆயிற்று. ஆகஸ்டில் வாலிபர்கள் வீதிக்கு வந்தபோது, ஆட்சியின் செலவைக் குறை என்பது அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று. பலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கைதானவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள், அவர்கள்மீது ராஜத்துரோக வழக்கு! அதே ஆகஸ்ட் மாதத்தில்தான் ஜனாதிபதிக்கு ஏர்பஸ் ஏ330 விமானம் ஒன்று புதிதாக வாங்கப்பட்டது.