பயணத்துக்குப் பெரிய காமிரா வேண்டுமா?

கோடை விடுமுறை நெருங்கினால் தில்லித் தமிழ்க் குடும்பங்களில் இரண்டு பேச்சு தொடங்கிவிடும். ஊருக்குப் போக டிக்கெட் கிடைத்ததா என்பது ஒன்று. அப்படியே வேறு எங்கெல்லாம் போய்வரலாம் என்பது மற்றொன்று. சில ஆண்டுகளாக மூன்றாவது கேள்வி ஒன்றும் சேர்ந்திருக்கிறது. "இன்னும் எத்தனை நாள் செல்போனிலேயே படம் எடுப்பது? நல்லதாக ஒரு டி.எஸ்.எல்.ஆர். வாங்கிவிடலாமா?" சங்கத்து நண்பர்கள் பலரும் இதை என்னிடம் கேட்கிறார்கள். ரயில்வேயில் பொறியாளனாக இருந்தவன், ஃபிலிம் காலத்திலிருந்தே காமிரா பிடித்தவன் என்பதால் வந்த வினை இது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் சொல்வதைவிட இதழில் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்தக் காமிரா தேவையில்லை. சிலருக்கு உண்மையாகவே தேவை. யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை என்பதைப் பார்ப்பதற்கு முன், அது என்ன பொருள் என்று தெரிந்துகொள்வது நல்லது.

எஸ்.எல்.ஆர். காமிராவின் உள்ளே லென்ஸுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி 45 டிகிரி சாய்வில் நிற்கிறது. லென்ஸ் வழியே வரும் ஒளியை அது மேலே திருப்பி, ஒரு பட்டகத்தின் வழியாக நம் கண்ணுக்கு அனுப்புகிறது. பட்டனை அழுத்தியதும் கண்ணாடி மேலே மடங்கிக்கொள்ள, ஒளி நேராகப் பின்னால் சென்று படமாகிறது. ஸ்டேஷனில் பாயிண்ட் மாற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். லூப் லைனில் போய்க்கொண்டிருந்த ஒளியை ஒரு நொடி மெயின் லைனுக்கு மாற்றிவிட்டு மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறார்கள். படமாகப்போகும் காட்சியை லென்ஸ் வழியாகவே பார்க்க, ஃபிலிம் காலத்தில் இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

ஃபிலிமின் இடத்தில் மின்னணுச் சென்சாரை வைத்தபோது அது டி.எஸ்.எல்.ஆர். ஆயிற்று. கோடக் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவன் சாஸன் 1975இல் முதல் டிஜிட்டல் காமிராவைச் செய்தார். ஒரு படத்தை ஒலிநாடாக் கேசட்டில் பதிய அதற்கு 23 விநாடி பிடித்தது. 1999இல் வந்த நிக்கான் டி1 காமிராவில் 27 லட்சம் புள்ளிகள் இருந்தன. 2003இல் கேனான் 300டி, ஆயிரம் டாலருக்கும் குறைந்த விலையில் வந்து நடுத்தர வர்க்கத்தை எட்டியது.

பிறகுதான் ஒரு திருப்பம். சென்சாரில் விழும் காட்சியையே மின்திரையில் காட்ட முடியும்போது நடுவில் கண்ணாடி எதற்கு? கண்ணாடி போயிற்று, காமிராவின் கனமும் குறைந்தது. இதுதான் மிரர்லெஸ் என்பது. நிக்கானும் கேனானும் 2018இல் இந்த வழியில் பெரிய அளவில் இறங்கின. 2020க்குப் பிறகு இவ்விரு நிறுவனங்களும் புதிய எஸ்.எல்.ஆர். மாடல் எதையும் கொண்டுவரவில்லை. ஆகவே இன்று புது டி.எஸ்.எல்.ஆர். வாங்குவது, 1992இல் யூனிகேஜ் திட்டம் தொடங்கிய பிறகு புது மீட்டர் கேஜ் எஞ்சின் வாங்குவதற்கு ஒப்பானது. எஞ்சினில் குறை ஒன்றும் இல்லை; பாதைதான் ஆண்டுக்காண்டு சுருங்கிக்கொண்டே போகும்.

இனி, பெரிய காமிராவுக்குச் சேர வேண்டிய நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். சாதாரண டி.எஸ்.எல்.ஆரின் சென்சார் ஏறக்குறைய 23.5 மி.மீ. நீளமும் 15.6 மி.மீ. அகலமும் உடையது. விலை உயர்ந்த செல்போனில்கூடப் பெரும்பாலும் 10 மி.மீ.க்கு 7.5 மி.மீ. அளவுதான். பரப்பைக் கணக்கிட்டால் ஏறக்குறைய ஐந்து மடங்கு வித்தியாசம். மழையில் அண்டாவை வைப்பதற்கும் டம்ளரை வைப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. மங்கிய வெளிச்சத்தில் ஓடியாடும் பேரக்குழந்தையைப் படம் பிடிக்க அண்டாதான் வெல்லும். பரத்பூர் சரணாலயத்தில் தொலைவில் நிற்கும் நாரையை எடுக்க 300 மி.மீ. லென்ஸுக்கு ஈடில்லை. நல்ல வெயிலில் செல்போன் திரை கண்ணுக்குத் தெரியாமல் தவிக்கும் நம் வயதினருக்கு, கண்ணோடு ஒட்டிவைத்துப் பார்க்கும் அந்தச் சிறு ஜன்னல் ஒரு வரப்பிரசாதம். மூக்குக் கண்ணாடியின் பவருக்கு ஏற்ப அதைத் திருகிச் சரிசெய்துகொள்ளவும் முடியும்.

ஆனால் நாம் எடுக்கும் படம் கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது? வாட்ஸ்அப்புக்கு, மிஞ்சினால் ஆல்பத்துக்கு. 6 அங்குலத்துக்கு 4 அங்குலப் பிரிண்ட் தெளிவாக வர 22 லட்சம் புள்ளிகள் போதும். ஏ4 அளவுக்குப் பெரிதாக்கினாலும் 90 லட்சத்தைத் தாண்டாது. கடைக்காரர் சொல்லும் இரண்டு கோடியே நாற்பது லட்சம் புள்ளிகளில் பெரும்பகுதி, நாம் ஒருநாளும் ஏறப்போகாத மாடி அறைதான்.

அடுத்து, நாம் போகும் இடங்களைப் பார்ப்போம். நம்மவர் பயணத்தில் பாதி கோயில்கள். தமிழகக் கோயில்களுக்குள் செல்போனைத் தடை செய்யும்படி 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கேதார்நாத் கோயிலுக்குள் 2023 முதல் படம் எடுக்கத் தடை. நம் தில்லி அக்ஷர்தாமில் செல்போன், காமிரா இரண்டையுமே வாசலில் கொடுத்துவிட வேண்டும். தாஜ்மகாலில் கல்லறை மண்டபத்துக்குள் படம் எடுக்கக்கூடாது. செல்போனைக் கொடுத்துவிட்டுப் போவதே கவலை. லட்சத்தைத் தொடும் காமிராவையும் லென்ஸுகளையும் ஒரு டோக்கனை நம்பிக் கொடுத்துவிட்டு நிம்மதியாகச் சாமி கும்பிட முடியுமா? மனம் காமிராப் பையிலேயே நிற்கும்.

சுமையும் ஒரு கணக்குத்தான். நிக்கான் டி3500 எடை குறைந்த டி.எஸ்.எல்.ஆர்.களில் ஒன்று. பாட்டரியோடு 415 கிராம். சிறிய லென்ஸ், தொலைநோக்கு லென்ஸ் இரண்டும் சேர்ந்தால் ஒரு கிலோவுக்கு மேல். பை, சார்ஜர் எல்லாம் சேர்த்துப் பாருங்கள். வீட்டில் தூக்கிப் பார்த்தால் ஒன்றுமில்லை. மலைப்படியில் ஐம்பதாவது படிக்கு மேல்தான் அதன் எடை தெரியும். கல்கா-சிம்லா மலைப்பாதையில் 96 கிலோமீட்டருக்குள் 102 குகைகள். குகையை விட்டு வெளியே வந்ததும் பள்ளத்தாக்கு தெரிகிறது. அடுத்த குகை வந்து அதை மறைத்துவிடுகிறது. பெரிய காமிராவில் இன்னும் பழகாதவர் பொத்தானைத் தேடிக்கொண்டிருப்பார். பக்கத்து சீட்டுப் பெண் செல்போனில் நாலு படம் எடுத்து முடித்திருப்பாள்.

இவற்றையெல்லாம்விட முக்கியமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் பணியிலிருந்த காலத்தில் பாலங்களைச் சோதிக்கப் போகும்போது விரிசல்களைப் படம் எடுத்துக் கோப்பில் வைப்போம். விரிசலுக்குப் பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து எடுப்போம். பாலத்தின் எண், கிலோமீட்டர், தேதி மூன்றும் பின்புறம் எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதப்படாத படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் கோப்பில் சேராது. காரணம் எளிது. எங்கே, எப்போது என்று தெரியாத விரிசலை வைத்து, அது வளர்கிறதா என்று எப்படிச் சொல்வது?

குடும்பப் படங்களுக்கும் இதே விதிதான் என்பது என் உறுதியான எண்ணம். ஊரை விட்டு வந்த நமக்குப் படம் என்பது வெறும் பொழுதுபோக்கு அல்ல. இங்கே பிறந்து வளரும் குழந்தைகள் தாத்தா பாட்டியை ஆண்டுக்கொரு முறை பார்க்கிறார்கள். பெரியப்பா யார், அத்தை யார், விற்றுவிட்ட அந்த வீட்டுத் திண்ணை எப்படி இருந்தது என்பதெல்லாம் அவர்களுக்குப் படத்தின் வழியாகத்தான் தெரிய வேண்டும். ஆக்ஃபா கிளிக் 3 காலத்தில் ஒரு ரோலுக்குப் 12 படம்தான். எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தி, எண்ணி எண்ணி எடுத்தோம். பிரிண்ட் வந்ததும் வீட்டில் யாராவது ஒருவர் பின்னால் பென்சிலால் ஊரையும் வருஷத்தையும் எழுதிவைப்பார்கள். அந்த ஆல்பங்கள் இன்றும் அலமாரியில் இருக்கின்றன. ஒரே பயணத்தில் ஆயிரம் படம் எடுக்கும் இன்றைய தலைமுறையிடம், ஐந்து ஆண்டுகளுக்கு முந்தைய படம் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். "அது பழைய போனில் இருந்தது" என்று பதில் வரும்.

படத்தின் தரம் போதவில்லை என்று வருந்தும் பலருக்கும் உண்மையான குறை இதுதான். விலை உயர்ந்த காமிரா இதைத் தீர்க்காது. கோப்புகளைப் பெரிதாக்கிக் குறையை இன்னும் கூட்டும். அதோடு, பெரிய காமிராவை யாரிடமும் நம்பிக் கொடுக்க மனம் வராது. விளைவு, குடும்பப் படங்கள் எதிலும் அப்பா இருக்க மாட்டார்.

ஆகவே, வாங்க நினைப்பவர்கள் தங்களையே மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளட்டும். ஒன்று: இப்போதுள்ள செல்போனில் எது முடியவில்லை என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியுமா? "பறவை சிறிதாகத் தெரிகிறது" என்பது பதில். "படம் நன்றாக இல்லை" என்பது பதில் ஆகாது. இரண்டு: பயணம் இல்லாத நாளிலும் லோதி தோட்டத்துக்கோ யமுனைக் கரைக்கோ எடுத்துச் சென்று பழகுவீர்களா? மூன்று: திரும்பி வந்த பிறகு உட்கார்ந்து படங்களைத் தேர்ந்தெடுக்கப் பொறுமை உண்டா?

மூன்றுக்கும் ஆம் என்றால் தாராளமாக வாங்குங்கள். உழைத்து ஓய்வு பெற்றவர் மனத்துக்குப் பிடித்த பொருளை வாங்குவதில் தவறே இல்லை. புதிதாக என்றால் சிறிய மிரர்லெஸ் ஒன்று, லென்ஸ் ஒன்று போதும். பணம் குறைவாகச் செலவிட விரும்பினால் பழைய டி.எஸ்.எல்.ஆர். நல்ல பேரம்தான், மீட்டர் கேஜ் என்று தெரிந்தே ஏறுகிறீர்கள். சாந்தினி சௌக்கின் கூச்சா சௌத்ரி சந்தையில் விசாரிக்கலாம். ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்று கேளுங்கள். தொடக்கநிலைக் காமிராக்களுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் முறை என்பது கணக்கு. லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உள்ளே பூசணம் படர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

மற்றவர்கள் அந்தப் பணத்தைப் பாங்கியிலேயே விட்டுவைத்து, ஒரு சிறு பகுதியை மட்டும் வேறு விதமாகச் செலவிடலாம். ஒவ்வொரு பயணம் முடிந்ததும் 24 படங்களைத் தேர்ந்தெடுத்து பிரிண்ட் போடுங்கள். யார், எங்கே, எந்த ஆண்டு என்று பின்னால் எழுதுங்கள்; தமிழில் எழுதினால் பேரப்பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படிக்கவும் ஒரு சாக்கு கிடைக்கும். மீதிப் படங்களை இரண்டு ஹார்டு டிஸ்கில் ஏற்றி, ஒன்றை வேறு ஊரிலுள்ள மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ வைத்துவிடுங்கள். இந்தக் கோடையில் ஊருக்குப் போகும்போது ஒரு பென்சிலையும் எடுத்துக்கொண்டு போங்கள். பழைய ஆல்பத்தில் இருப்பவர்களின் பெயரைச் சொல்லக்கூடிய பெரியவர்கள் இன்னும் சிலர் அங்கே இருக்கிறார்கள். அவர்களை உட்காரவைத்துக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். காமிராவை அடுத்த ஆண்டும் வாங்கலாம்.