காணிக்குள் வளர்ந்த காடு யாருடையது?

இடம்பெயர்ந்து வந்த கமக்காரக் குடும்பங்களிடம் ஊர்க் காணியைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது: "அது காடு பத்திப் போச்சு சுவாமி." ஒருகொடவத்தையில் ஒற்றை அறைக்கு வாடகை கொடுத்து வாழ்பவரும் இதையே சொல்கிறார். வன்னிக்குத் திரும்பிப் போய்த் தறப்பாளின் கீழ் தொடங்கியவரும் இதையே சொன்னார். காணி செத்துப் போனது என்பதே இதன் பொருள். இக்கருத்தோடு நாம் உடன்படவில்லை. உங்கள் காணியில் வளர்ந்து நிற்கும் மரங்கள் உங்கள் சொத்து. பராமரித்தால் அவை பிழைப்பு. கவனியாது விட்டால் காணியையே இழக்க அவை வழிசெய்துவிடும்.

முதலாவது, உரிமை. தனியார் உறுதிக் காணியில் பற்றை வளர்ந்ததால் மட்டும் அது அரச காணியாகிவிடாது. ஆனால் உரிமையாளர் வாய் திறவாதிருந்தால் நிலைமை வேறாகலாம். 1990 இல் மன்னார் முசலிப் பகுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் திரும்பி வந்தபோது, தாம் குடியிருந்த, பயிரிட்ட நிலங்களும் 2012 இல் வனமாகப் பிரகடனம் செய்யப்பட்ட எல்லைக்குள் அடங்கிவிட்டதாக முறையிட்டார்கள். அந்த வழக்கு இழுபறியில் கிடக்க, 2017 இல் மாவில்லு வனப் பிரகடனம் வந்தது. 2025 மார்ச் 28 ஆம் திகதிய வர்த்தமானியோ வடக்கில் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட காணிகளுக்கு மூன்று மாதத்துள் உரிமை கோரும்படி அறிவித்தது. தவறினால் அவை அரச காணியாகக் கொள்ளப்படும் என்ற நிலை. எதிர்ப்புக் கிளம்பியது, ஜூன் மாதத்தில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது, பின்னர் அரசு அதை மீளப் பெற்றது. அந்த ஆபத்து நீங்கியது உண்மை. ஆனால் உறுதி கையிலில்லாத குடும்பம் அடுத்த அறிவித்தலுக்கு என்ன பதில் சொல்லும்?

இன்னொன்றையும் மறத்தலாகாது. ஒருவர் உங்கள் காணியைப் பத்து வருடம் இடையூறின்றித் தன்னதாக ஆண்டால், ஆட்சியுரிமை கோரச் சட்டம் இடமளிக்கிறது. போரால் காணியைப் பார்க்க முடியாது போனவர்களுக்காக 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் விசேட பாதுகாப்புத் தந்தது. ஆனால் அதுவும் கால எல்லையோடு வந்ததே. எனவே உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி எடுங்கள். எல்லைகளைப் பார்த்து, கல் நாட்டுங்கள். வருடத்தில் ஒரு முறையாவது கிராம சேவையாளருக்குத் தெரியக் காணியில் கால் வையுங்கள். மிதிவெடி அகற்றப்பட்டது உறுதியாகத் தெரியாத இடத்தில் மட்டும் எவரும் இறங்க வேண்டாம்.

இரண்டாவது, அந்தக் காட்டை என்ன செய்வது? "காடு வெட்டித் தருகிறேன், காசு வேண்டாம், மரத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்" என்று ஒருவர் வருவார். கையில் பணமில்லாத குடும்பத்துக்கு அது உதவியாகவே தோன்றும். ஆனால் பாலையும் முதிரையும் ஒரு தலைமுறையில் வைரம் பாய்பவை அல்ல. புல்டோசர் அம்மரங்களோடு மேல்மண்ணையும் வழித்துக்கொண்டு போய்விடும். எஞ்சுவது வெறுந்தரை. பல வருடமாக இலை உதிர்ந்து சேர்ந்த உரத்தை ஒரே நாளில் இழந்துவிட்டு, பிறகு உர மூட்டைக்குக் கடன்படுவது கெட்டித்தனமா?

ஆகவே வெட்டுமுன் எண்ணுங்கள். பயிருக்குத் தேவையான பரப்பை மட்டும் துப்புரவாக்குங்கள். எல்லையோரத்திலும் குளக்கட்டின் கீழும் வாய்க்கால் கரையிலும் நிற்பவை நிற்கட்டும். வேம்பு, பூவரசு, கிளிசரியா போன்றவை அடியிலிருந்து மீண்டும் தளிர்க்கும். அவற்றை மாரிக்கு முன், மழைநீர் தேங்காதபடி சாய்வாக வெட்டி, வரும் தளிர்களில் வலுவான இரண்டு மூன்றை மட்டும் விட்டால் சில வருடங்களில் மறுபடியும் தடி கிடைக்கும். எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் வெட்டாமல் காணியை நாலைந்து பங்காக்கி, வருடம் ஒரு பங்கு என்று வெட்டி வந்தால் விறகும் குழையும் ஓயாது. யாழ்ப்பாணத்துத் தோட்டங்களில் பூவரசங் குழையைத் தாழ்த்துப் பயிர் செய்தவர்களுக்கு இது புதிய பாடமல்ல. 2021 இல் இரசாயன உரம் நிறுத்தப்பட்டபோது குழையின் அருமை தெரிந்தது. 2022 இல் எரிவாயு இன்றிக் கொழும்பு நகரத்தவரும் விறகு தேடியபோது தடியின் அருமை தெரிந்தது.

பனைக்கு இந்த முறை பொருந்தாது. தலை போனால் பனை தளிர்க்காது. அது பாளை தள்ளப் பன்னிரண்டு, பதினைந்து வருடங்கள், சிலவேளை அதற்கு மேலும் செல்லும்; அதுவரை ஆணா பெண்ணா என்றும் தெரியாது. பதுங்குகுழிகளுக்காக எத்தனை பனைகளைப் பறிகொடுத்தோம் என்பதை இங்கு விபரிக்க வேண்டியதில்லை. ஆகவே நெருக்கமாக முளைத்த வடலிகளைக் கலைத்து, இடைவெளி விட்டு வளரவிடுங்கள். வடலி வளர்த்துக் கள்ளுக் குடிப்பது நடவாத காரியத்துக்கு உவமையாகச் சொல்லப்படுகிறது. ஆனால் நடாமலே முளைத்து நிற்கும் வடலியைக் காப்பதற்குப் பொறுமை ஒன்றே போதும்.

மூன்றாவது, சட்டம். பலாவையும் பெண்பனையையும் சொந்தக் காணியிலும் அனுமதியின்றித் தறிக்க முடியாது. 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் அதைத் தடுக்கிறது. பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பெறுமதியான மரத்தை வெளியே ஏற்றிச் செல்ல வனத் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் தேவை. சில இனங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. இந்த நடைமுறை ஏழைக் கமக்காரனை அலைக்கழிப்பதையும், வாகனமும் செல்வாக்கும் உள்ள வியாபாரிக்கு இலகுவாக இருப்பதையும் நாம் காண்கிறோம். அதிகாரிகள் கிராமத்துக்கு வந்து, ஒரே நாளில் காணியையும் மரத்தையும் பார்த்து அனுமதி வழங்கும் ஏற்பாடு வேண்டும். இதைத் தனித்தனியாகக் கேட்பதிலும் பார்க்கக் கமக்காரர் அமைப்பாகக் கேட்பதே பலன் தரும். மரத்தை விற்பதும் அப்படியே. நாலு வீட்டார் சேர்ந்து மரத்தை அளந்து, இரண்டு மூன்று பேரிடம் விலை கேட்ட பின்பே பேச்சை முடியுங்கள்.

கடைசியாக, கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருக்கும் காணிக்காரருக்கு ஒரு சொல். உங்கள் காணியில் காணியற்ற ஒரு குடும்பம் விறகு பொறுக்கினால் அதைக் களவென்று எண்ணாதீர்கள். எழுத்தில் ஓர் உடன்படிக்கை செய்யுங்கள்: காணி உங்களுடையது, காவல் அவர்களுடையது, விழுந்த விறகும் குழையும் அவர்களுக்கு, நிற்கும் மரம் உங்களுக்கு. யாரும் பாராத காட்டைவிட, ஒரு குடும்பம் நம்பி வாழும் காடு பாதுகாப்பாக இருக்கும்.

வீடு இடிந்தது, கிணறு தூர்ந்தது, வேலி போனது. நாம் இல்லாத காலத்தில் அந்த மண்ணில் வளர்ந்தது மரம் ஒன்றே. முதலில் உறுதியைத் தேடி எடுப்போம்; அதன்பின் கத்தியை எடுக்கலாம்.